பழைய ஸ்விட்ச் திறக்கவில்லை என்றதும் ரீசெட் பட்டனைத் தேடாதீர்கள்

பத்து வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது உள்ளே நுழைந்து செட்டிங் மாற்றக்கூடிய நெட்வொர்க் பெட்டி. பிங் (பெட்டி பதில் தருகிறதா என்ற சோதனை) ஒழுங்காகப் போகிறது. பிரவுசரில் அதன் ஐபி முகவரியை அடித்தால் மட்டும் பக்கம் வரவில்லை. "பெட்டி போச்சு, ரீசெட் பண்ணிடு" என்று பக்கத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். பெரும்பாலும் பெட்டி அப்படியேதான் இருக்கும், மாறியது உங்கள் லேப்டாப். பழைய ஸ்விட்ச் பக்கங்கள் பல நம்பியிருந்த ஜாவா ஆப்லெட்டை (பிரவுசருக்குள் ஓடும் சிறு புரோகிராம்) குரோம் 2015-லும் பயர்பாக்ஸ் 2017-லும் கைவிட்டுவிட்டன. இணைப்பைப் பூட்டும் பழைய முறைகளான டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் பிரவுசர்கள் 2020-ல் ஒதுக்கத் தொடங்கின.

நானும் ஒருமுறை அவசரப்பட்டிருக்கிறேன். ரீசெட் துளையில் பேப்பர் கிளிப்பைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். போர்ட் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து எரிந்தன. வீலேன் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் அமைப்பு) அத்தனையும் காலி. கேமரா நின்றது, பில் கவுன்ட்டர் நின்றது. கான்ஃபிக், அதாவது செட்டிங்குகளின் நகல் யாரிடமும் இல்லை. ஒவ்வொரு கேபிளாகப் பிடித்துப் பார்த்து முடிக்க இரவு பதினோரு மணி ஆயிற்று.

அடுத்த தவறு, ஒரு பெட்டிக்காக லேப்டாப் முழுவதின் பாதுகாப்பையும் தளர்த்துவது. எஸ்எஸ்எச் (கட்டளைகளைத் தட்டிப் பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) மறுத்தால் பிழைச் செய்தியைக் கடைசி வரை படியுங்கள். அந்த ஸ்விட்ச்சுக்கு எந்த அல்காரிதம் தெரியும் என்று அதிலேயே இருக்கும். பழைய சாவிப் பரிமாற்ற அல்காரிதமான டிஃபி-ஹெல்மன் குரூப் 1-ஐ, பலரும் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 2015-லேயே இயல்பாக அணைத்துவிட்டது. அதை லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு ஐபிக்குக் கீழே மட்டும், முன்னால் பிளஸ் குறி போட்டுச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஹோஸ்ட்டுக்கும் திறந்துவிடாதீர்கள். பழைய பிரவுசர் தேவைப்பட்டால் இன்டர்நெட் இல்லாத விர்ச்சுவல் மெஷினில் (லேப்டாப்புக்குள் தனியாக ஓடும் கணினி) வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் நடக்கவில்லையா, ஸ்விட்ச்சை நேராக லேப்டாப்போடு இணைக்கும் கன்சோல் கேபிள் இருக்கிறது. டெர்மினல் மென்பொருளில் போட வேண்டியது, பல பெட்டிகளில் வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். திரையில் குப்பை எழுத்து வந்தால் வேகம் தவறு, 38400 அல்லது 115200 போட்டுப் பாருங்கள். எழுத்து சரியாக வருகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது போகவில்லை என்றால் அதே மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோலை அணையுங்கள். இதைக் கவனிக்காமல் நல்ல கேபிளைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஸ்விட்ச்சின் பக்கத்தை ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து வெளியே திறக்கவே கூடாது. இத்தனை பழைய ஸ்விட்ச்சின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கப் பெரும்பாலும் இனி அப்டேட் வராது.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக்கை நகலெடுப்பது. யாரோ என்றைக்கோ மாற்றி, சேவ் செய்யாமலே விட்டிருக்கலாம். அதை ஸ்விட்ச்சின் அழியாத மெமரியில் எழுதிய பிறகே பவர் கேபிளில் கை வையுங்கள்.