தைராய்டு முடிச்சுக்கு மரபணுப் பரிசோதனை: எங்கே தவறு நடக்கிறது?

தைராய்டில் முடிச்சு இருப்பதாக ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததுமே, "ஜீன் டெஸ்ட் செய்துவிட்டால் புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அவசரம்தான் முதல் தவறு. முதலில் ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தால், முடிச்சு ஹார்மோன் சுரக்கிறதா என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேன். தானாகவே ஹார்மோன் சுரக்கும் 'சூடான' முடிச்சு புற்றுநோயாக இருப்பது அரிது. பெரும்பாலும் அதில் ஊசி குத்திச் செல் எடுக்கவே தேவை இருக்காது.

ஊசியால் செல் எடுக்கும் எஃப்என்ஏசி முடிவுகளை பெதெஸ்டா முறை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. இரண்டாவது சாதாரணக் கட்டி, ஆறாவது புற்றுநோய். இந்த இரு வகைகளிலும் மரபணுவைக் கேட்டு முடிவு செய்ய அதிகம் மிச்சமில்லை. செல்லைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாத மூன்றும் நான்கும்தான் இந்தப் பரிசோதனையின் களம். 2023 பதிப்பின்படி மூன்றாம் வகையில் சராசரியாக 22 சதவீதமும், நான்காம் வகையில் 30 சதவீதமும் புற்றுநோயாக அமைகின்றன. முதல் வகைக்கு 'போதிய செல் இல்லை' என்று பொருள். அங்கே பெரும்பாலும் செய்ய வேண்டியது மறுபடி ஊசி போடுவதுதான்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறு வெளியே தெரிவதில்லை, ஆனால் விளைவு பெரிது. சில பரிசோதனைகள் பார்க்கும் ஆர்என்ஏ (மரபணுச் செய்தியின் நகல்) எளிதில் சிதைந்துவிடும். ஸ்லைடில் தேய்த்தது போக ஊசியில் மிஞ்சியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் பயனில்லை. மாதிரியை உடனே அதற்கான பாதுகாப்புத் திரவத்தில் சேர்த்துவிட வேண்டும். ரத்தம் அதிகம் கலந்தாலும் சிக்கல்தான். வெள்ளணுக்களின் இயல்பான டிஎன்ஏ, கட்டியின் டிஎன்ஏவை நீர்த்துப்போகச் செய்யும். ஒரு கணக்கு: மாதிரியில் 30 சதவீதம்தான் கட்டிச் செல், பிறழ்வு (மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்) அவற்றில் ஒவ்வொன்றின் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் இருக்கிறது என்றால், பிறழ்ந்த டிஎன்ஏவின் பங்கு 15 சதவீதம். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் பழைய சாங்கர் முறை 15 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைத் தவறவிடும். அப்போது 'பிறழ்வு இல்லை' என்று வரும் ரிப்போர்ட் கட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனவே எந்த முறையில் செய்தார்கள், தைராய்டு செல் போதுமான அளவு இருந்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

மரபணுப் பெயரை மட்டும் படித்து முடிவுக்கு வருவது இன்னொரு தவறு. பிராஃப் என்ற மரபணுவில் வி600ஈ என்ற பிறழ்வு இருந்தால், தைராய்டு புற்றுநோயின் ஒரு வகையான பாப்பிலரி புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டால் புற்றுநோய் இல்லை என்று ஆகாது; இன்னொரு வகையான ஃபாலிக்குலர் புற்றுநோயில் பொதுவாக அந்தப் பிறழ்வு இருப்பதில்லை. அதே மரபணுவின் கே601ஈ பிறழ்வோ பெரும்பாலும் தீவிரம் குறைந்த கட்டிகளில் வருவது. 'பிராஃப் பாசிட்டிவ்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் எந்தப் பிறழ்வு என்று கேளுங்கள்.

அதிகம் குழப்புவது ராஸ் என்ற மரபணுவின் பிறழ்வு. அது ஃபாலிக்குலர் அடினோமா என்ற சாதாரணக் கட்டியிலும் வரும், ஃபாலிக்குலர் புற்றுநோயிலும் வரும். 2016-இல் 'புற்றுநோய்' என்ற பெயரையே நீக்கி நிஃப்ட்பி என மறுபெயரிட்ட கட்டியிலும் வரும். கட்டி உறையையோ ரத்தநாளத்தையோ துளைத்திருக்கிறதா என்பதுதான் இவற்றைப் பிரிக்கும் கோடு. அது ஊசி மாதிரியில் தெரியாது, அகற்றிய திசுவில்தான் தெரியும். ஆகவே ராஸ் மட்டும் இருப்பதை வைத்து முழுத் தைராய்டையும் எடுத்துவிடுவது அவசரம். பல நேரங்களில் ஒரு மடலை மட்டும் எடுத்துத் திசுவைப் பார்ப்பதே போதும். கூடவே டெர்ட் என்ற மரபணுவில் பிறழ்வும் இருந்தால் கதை வேறு. அந்தச் சேர்க்கை தீவிரமான நோயைச் சுட்டுகிறது.

இனி சதவீதக் கணக்கு. 2018-இல் வெளியான ஆய்வில் அஃபர்மா ஜிஎஸ்சி என்ற மரபணுப் பரிசோதனை புற்றுநோயில் 91 சதவீதத்தைப் பிடித்தது. சாதாரணக் கட்டியில் 68 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. நூறு முடிச்சில் 24 புற்றுநோய் என்றிருந்த அந்தக் கூட்டத்தில் 'சாதாரணம்' என்ற முடிவு 96 சதவீதம் சரி. அதே பரிசோதனையை, நூறில் 75 புற்றுநோயாக இருக்கும் கூட்டத்தில் செய்தால் அந்த 96 ஏறக்குறைய 72-க்கு இறங்கிவிடும். புற்றுநோய்ச் சந்தேகம் வலுவாக உள்ள ஐந்தாம் வகையில் புற்றுநோய் அந்த அளவில்தான் இருக்கிறது. அங்கே 'சாதாரணம்' என்று வந்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இன்னொன்று: முதலில் சொன்ன 24 சதவீதக் கூட்டத்திலேயே 'சந்தேகம்' என்று வந்தவற்றில் பாதிக்கும் குறைவே புற்றுநோய்.

ரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல் உண்டாக்கும் புரதம்) பார்த்து முடிச்சின் குணத்தைச் சொல்லவே முடியாது. சாதாரணக் கழலையிலும் அது உயரும். முழுத் தைராய்டையும் எடுத்த பிறகுதான் அது பயன்படும் குறியீடு. கால்சிடோனின் என்ற ஹார்மோன் அப்படியல்ல, மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும். அது உறுதியானால் ரெட் என்ற மரபணுவில் பரம்பரையாக வந்த பிறழ்வு இருக்கிறதா என்று நோயாளியின் ரத்தத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் குடும்பத்தினருக்கும் பார்க்க வேண்டும். பாப்பிலரி கட்டியில் காணும் ரெட் இணைவு (ரெட் வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வது) கட்டிக்குள் மட்டும் உண்டானது. அதற்காகக் குடும்பத்தையே பரிசோதிக்கத் தேவையில்லை.

மரபணு முடிவு 'சாதாரணம்' என்று வந்ததும் ஸ்கேனை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றில் குறைந்தது இரண்டில் 20 சதவீதமும் 2 மில்லிமீட்டரும் கூடினாலோ, கன அளவு 50 சதவீதத்துக்கு மேல் பெருத்தாலோ முடிச்சு வளர்ந்ததாகக் கொள்வார்கள். அப்போது மறுபடி ஊசி போடுவதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும், பழைய ரிப்போர்ட் என்ன சொல்லியிருந்தாலும்.