கொழும்பிலிருந்து பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்கு: விசா வந்த நாளிலிருந்து முதல் பத்து நாட்கள் வரை

விசா கிடைத்த மறுநாளே சூட்கேஸும் குளிர்ச்சட்டையும் தேடிப் புறக்கோட்டைக்குப் போகத் தோன்றும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் பார்க்கவேண்டியவை பெயரும் கடதாசிகளும் காசும்தான். அங்கே போய் இறங்கியபின் ஒன்றைப் பிடித்துத்தான் அடுத்ததற்குப் போகலாம். பல்கலைக்கழகப் பதிவு முடிந்தால் வங்கிக் கடிதம் கிடைக்கும், அந்தக் கடிதத்தைக் காட்டினால் கணக்குத் திறக்கலாம், கணக்கு இருந்தால் வாடகையும் சம்பளமும் ஒழுங்காகும். தொடக்கத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எல்லாம் பின்னுக்குப் போகும். செப்ரெம்பரில் தொடங்கும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

படி 1: ஈ-விசாவில் பெயரைச் சரிபாருங்கள்

முன்பு கொடுத்த பிஆர்பி (வதிவிட அனுமதி) அட்டை 2024 முடிவோடு நின்றுவிட்டது. இப்போது உங்கள் அனுமதி ஈ-விசா என்ற ஒன்லைன் பதிவாக இருக்கிறது. யூகேவிஐ (பிரித்தானிய விசா, குடிவரவுப் பிரிவு) கணக்கைத் திறந்து உங்கள் கடவுச்சீட்டை அதோடு இணையுங்கள். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், விசா தொடங்கும் முடியும் திகதிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்மவர்களுக்குக் கூடுதலாகச் சிக்கல் வருவது பெயரில்தான். தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதாலும், சில இடங்களில் அதை முதலெழுத்தாக மட்டும் எழுதுவதாலும், எது குடும்பப் பெயர் என்ற குழப்பம் வரும். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் கீழே இரண்டு வரிகள் இருக்கும். மேல்வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து, இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் வருவதுதான் குடும்பப் பெயர். ஈ-விசா, விமான டிக்கெட், பல்கலைக்கழகப் பதிவு மூன்றிலும் இதே ஒழுங்கு இருக்கவேண்டும். டிக்கெட்டில் முதலெழுத்தைப் போட்டுவிட்டு முழுப்பெயரை விட்டுவிடாதீர்கள். ஈ-விசாவில் பிழை கண்டால், பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் அதை அறிவிக்கத் தனிப் படிவம் உண்டு. கொழும்பில் இருக்கும்போதே அதை அனுப்பிவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்குக் கேட்காவிட்டாலும் பின்னால் எங்காவது தேவைப்படலாம்.

படி 2: திகதியும் டிக்கெட்டும்

படிப்புத் தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கும் முன்னதாகப் போய் இறங்க முடியாது. விசா தொடங்கும் திகதிக்கு முன்னர் போனால் உள்ளே விடமாட்டார்கள். மறுபக்கம், பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய ஒரு கடைசி நாள் இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் பல்கலைக்கழகம் பிரித்தானிய உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும், விசாவே ரத்தாகலாம்.

சனி இரவிலோ ஞாயிறிலோ இறங்காதீர்கள். விடுதி அலுவலகம் பூட்டியிருக்கலாம். வேறு வழியில்லையென்றால், திறப்பை எங்கே, எத்தனை மணிவரை எடுக்கலாம் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை பிரின்ட் எடுத்து வையுங்கள். எல்லோரும் ஹீத்ரோவில்தான் இறங்கவேண்டும் என்றில்லை. படிப்பு மன்செஸ்டரிலோ பேர்மிங்காமிலோ என்றால் டுபாய் அல்லது டோஹா வழியாக நேரே அந்த நகரத்திலேயே இறங்கலாம். இரண்டு பெரிய பெட்டிகளோடு லண்டனில் ரயில் மாறும் பாடு மிச்சம்.

படி 3: காசும் சிம்மும்

கட்டணத்தின் மீதித் தவணையை வீட்டார் இங்கிருந்து அனுப்புவதானால், வங்கியில் உங்கள் பெயரில் ‘ஸ்டூடன்ட் ஃபைல்’ திறந்திருக்கவேண்டும். அதை நீங்கள் கொழும்பில் நிற்கும்போதே செய்யுங்கள். அம்மாவோ அப்பாவோ பின்னர் தனியே போய் அனுப்பக்கூடியதாக, என்னென்ன ஆவணம் கேட்பார்கள் என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள்.

கையில் 200 முதல் 300 பவுண் போதும், 10, 20 பவுண் தாள்களாக. 50 பவுண் தாளைச் சின்னக் கடைகள் வாங்கத் தயங்கும். உறவினர் ஆசையாகத் தரும் தாள்களைத் தொட்டுப் பாருங்கள். கடதாசியில் அச்சடித்த பழைய 20, 50 பவுண் தாள்கள் 2022 செப்ரெம்பர் 30 உடன் செல்லுபடியற்றவையாகிவிட்டன. இப்போது புழங்குவது பிளாஸ்டிக் தாள். பழையதை இங்கிலாந்து வங்கி மாற்றித் தரும், ஆனால் இறங்கிய அன்று அதைக் கொண்டு ஒரு போத்தல் தண்ணீரும் வாங்க முடியாது.

இலங்கை சிம்மை நிறுத்தவே வேண்டாம். ரோமிங்கைத் திறந்து, கொஞ்சம் காசு போட்டு, அதோடே போங்கள். உங்கள் வங்கி அட்டையின் ஓடிபி அந்த இலக்கத்துக்குத்தான் வரும், யூகேவிஐ கணக்கில் நுழையும் குறியீடும் அதற்கே வரலாம். விமானம் ஏறியபின் ரோமிங் எடுக்க முயல்வது பெரும் அலைச்சல்.

படி 4: பெட்டி

டிக்கெட்டில் எத்தனை கிலோ இருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. தொங்கு தராசு ஒன்றை வாங்கி வீட்டிலேயே நிறுங்கள், விமான நிலைய மேசையடியில் பெட்டியைப் பிரிப்பதைப் போன்ற பதற்றம் வேறில்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், கீழே போகும் பெட்டியில் வைத்தால் வெளியே எடுப்பார்கள். 20,000 எம்ஏஎச் அளவு ஏறத்தாழ 74 வாட்-மணி, வரம்பு 100 என்பதால் பிரச்சினையில்லை.

கறித்தூளும் மிளகாய்த்தூளும் இரட்டைப் பையில் கட்டிக் கீழ்ப்பெட்டியில். சீனிச் சம்பல், ஊறுகாய் இரண்டும் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கணக்கிடப்படும், ஆகவே 100 மில்லிலீற்றருக்கு மேல் கைப்பையில் போகாது. எண்ணெய் கசியும் என்பதால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். கருவாட்டுக்குத் தடையில்லை. நெய், பால்மா, இறைச்சி வற்றல் கூடவே கூடாது, ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை.

சதுர முனை மூன்று பின் பிளக் அங்கேயும் அதுதான், மின்னழுத்தமும் 230 வோல்ட். ஆகவே அடாப்டர் வேண்டாம். வட்ட முனைப் பழைய பிளக் மட்டும் பொருந்தாது. ரைஸ் குக்கரைக் கட்டுமுன் விடுதி விதிகளை வாசியுங்கள், சில இடங்களில் அறைக்குள் அனுமதிக்கமாட்டார்கள். குளிருக்கு மேலே போடும் ஒரு நல்ல ஜக்கெட் மட்டும் போதும், மிச்சம் அங்கே மலிவு. பல் வைத்தியரிடம் பல்லைக் காட்டி, ஒரு மேலதிகக் கண்ணாடியும் செய்துகொள்ளுங்கள், அங்கே இரண்டுக்கும் காசு அதிகம், பல்லுக்குக் காத்திருப்பும் அதிகம்.

படி 5: கட்டுநாயக்கவும் ஹீத்ரோவும்

விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னர் நிற்குமாறு புறப்படுங்கள். அதிவேகப் பாதையில் பயணம் குறைவுதான், ஆனால் வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடை போய்ச் சேருவதற்குள்ளேயே நேரம் போய்விடும்.

கைப்பையில் இருக்கவேண்டியவை: கடவுச்சீட்டு, காஸ் கடிதத்தின் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த உறுதிப்படுத்தல்) பிரதி, விடுதிக் கடிதம், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், ஒரு நாள் உடுப்பு. கடவுச்சீட்டுப் பரிசோதனையில் தானியங்கிக் கதவு இலங்கையருக்கு இல்லை, அலுவலர் நிற்கும் வரிசைக்குப் போங்கள். எங்கே, என்ன படிப்பு, கட்டணம் யார் கட்டுகிறார் என்று கேட்டால் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட நாட்களில் விமான நிலையத்திலிருந்து பஸ் விடுகின்றன, முற்பதிவு வேண்டும். வேறு ஊருக்கு கோச் பதிவதானால், இறங்கும் நேரத்துக்கும் அதற்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

படி 6: முதல் பத்து நாட்கள்

ஒழுங்கு இதுதான். முதல் இரண்டு நாளில் விடுதித் திறப்பு, உள்ளூர் சிம், போர்வை தலையணை (பல விடுதிகளில் தரமாட்டார்கள்). அடுத்து பல்கலைக்கழகப் பதிவு. அதற்கு ஷேர் கோட் (உங்கள் ஈ-விசாவை மற்றவர் ஒன்லைனில் பார்க்க உதவும் குறியீடு) கேட்பார்கள், யூகேவிஐ கணக்கில் எடுக்கலாம், 90 நாள் செல்லும். பதிவு முடிந்த கையோடு இரண்டு கடிதங்கள் கேளுங்கள்: முகவரியோடு வங்கிக்கு ஒன்று, கவுன்சில் வரி (வீட்டுக்கு உள்ளூராட்சி அறவிடும் வரி) விலக்குக்கு ஒன்று. பிறகு வங்கிக் கணக்கு.

ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிவதை நோய் வரும்வரை தள்ளாதீர்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டீர்கள், பதிவு இலவசம். அவசரமில்லாத உடல்நலக் கேள்விக்கு 111, உயிராபத்துக்கு 999.

வேலை பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி, வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. முதுகலை மாணவருக்கு ஆய்வுக்கட்டுரை எழுதும் கோடைகாலமும் தவணைக் காலமே. செயலி வழி உணவு விநியோகம் சுயதொழிலாகக் கருதப்படும், மாணவர் விசாவில் அதற்கு இடமில்லை. இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடச் சொல்பவர்கள் நம்மவர்களிலும் உண்டு, பிடிபட்டால் போவது உங்கள் விசா. உள்துறை அமைச்சிலிருந்து பேசுகிறோம், உடனே காசு கட்டு என்று வரும் அழைப்பும் மோசடி. வைத்துவிட்டு பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவிடம் சொல்லுங்கள்.

வீட்டாரோடு பேசும் நேரத்தையும் புறப்படும் முன்னரே முடிவு செய்யுங்கள். நீங்கள் போகும்போது அங்கே நாலரை மணி நேரம் பிந்தியிருக்கும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னே நகர்த்துவார்கள், அன்றிலிருந்து ஐந்தரை. அங்கே மாலை ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து அழைத்தால் இங்கே இரவு பதினொன்றரை.