கிளட்ச் வழுக்கலும் ஒரு பிளாஸ்டிக் கட்டும்

தி.நகரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள வாகன நிறுத்தத்திலிருந்து வலப்புறம் வளைந்து ஏறும்போது மட்டும், பைக்கின் இன்ஜின் இரைச்சல் கூடியதே தவிர வண்டி நகரவில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் குறையே தெரியாததுதான் விசித்திரம். சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் வாங்கிய புதிய கிளட்ச் பிளேட்டுகளும், பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஜாஸோ எம்.ஏ. தர ஆயிலும் பயன்தரவில்லை. கிளட்ச் லீவரின் தளர்வு (கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா அசையும் அளவு) 10 மி.மீ. இருந்ததால் கிளட்ச் கேபிளை மெக்கானிக் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் அளந்தது ஹேண்டில்பார் நேராக இருந்தபோது. வலப்புறம் முழுவதும் திருப்பியதும் தளர்வு அறவே மறைந்தது; லீவரைப் பிடிக்காமலே கேபிள் இழுபட்டு, கிளட்ச் பாதி விடுபட்டு வழுக்கியது. ஹெட்லைட் மாற்றியவர்கள் கேபிளை வயர்களோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கட்டால் இறுக்கியிருந்தனர். அதை வெட்டி, கேபிளை அதற்குரிய வளையத்தின் வழியே செலுத்தி, இருபுறமும் திருப்பித் தளர்வைச் சரிபார்த்த பின்னரே கேபிளின் தளர்வு மாறாமல் பிடிக்கும் லாக் நட்டை முடுக்கினேன், வழுக்கல் நின்றது.