பறவை வேட்டைக்கு எந்த எண் ரவை? புதியவர்களுக்கான செய்முறை

ஷாட்கன் தோட்டா வாங்கப் போகிறவர் முதலில் தடுமாறுவது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில்தான். எண் ஏற ஏற ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகள்) பொடிசாகும். உரிமமும் வேட்டைப் பருவ அனுமதியும் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எண்ணைப் படியுங்கள்

அமெரிக்க எண்ணை 17-இலிருந்து கழியுங்கள். 6-ஆம் எண் என்றால் மிச்சம் 11. ரவையின் விட்டம் 0.11 அங்குலம், சுமார் 2.8 மி.மீ. பிரிட்டிஷ் 6 இன்னும் பொடி, சுமார் 2.6 மி.மீ. பெட்டியில் மில்லிமீட்டர் இருந்தால் அதையே பாருங்கள்.

படி 2: பறவைக்கு ஏற்ற ரவை

ஈய ரவையில் காடை, புறாவுக்கு 7½ அல்லது 8. கவுதாரிக்கு 7½ அல்லது 6. ஃபெசன்ட்டுக்கு (கோழி இனத்துப் பெரிய காட்டுப் பறவை) 6 அல்லது 5.

ஏன் இப்படி? 28 கிராம் ஈயத்தில் 8-ஆம் எண் ரவை ஏறக்குறைய 410 இருக்கும். 4-ஆம் எண் 135தான். பொடி ரவை நெருக்கமாகப் பரவும், ஆனால் சீக்கிரம் வேகம் இழக்கும். பருத்த ரவை ஆழமாக இறங்கும், நடுவே இடைவெளி விழும். பெரிய பறவையைத் தூரத்திலிருந்து பொடி ரவையால் சுட்டால் அது காயத்தோடு பறந்துபோய் எங்கோ சாகும். அப்படிச் சுடுவதைவிடச் சுடாமல் விடுவதே மேல்.

படி 3: ஈயமா, எஃகா?

சேற்றில் கிடக்கும் ஈய ரவையை வாத்துகள் சிறுகற்களோடு விழுங்கி நஞ்சேறிச் செத்தன. அதனால் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுக்க ஈயத்துக்குத் தடை. எஃகு எடை குறைவு (அடர்த்தி 7.8, ஈயம் 11.3). ஆகவே இரண்டு எண் குறைத்து, பருத்த ரவையாக எடுங்கள்: ஈயத்தில் 4 போடும் இடத்தில் எஃகில் 2. பெரிய காட்டு வாத்தினங்களுக்கு பிபி (BB, எண்ணுக்குப் பதில் எழுத்தால் குறிக்கும் பருத்த ரவை) வரை போகலாம். எஃகு நசுங்காது, குழல் வாயை மிகவும் குறுக்கும் ஃபுல் சோக்கோடு சேர்க்காதீர்கள். பழைய துப்பாக்கி என்றால் எஃகு தாங்குமா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

படி 4: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போவது இதைத்தான். பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் அகலமான காகிதத்தை மாட்டி, 40 கஜத்திலிருந்து சுடுங்கள். ஓட்டைகள் அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் ஒரு காடை நுழையும் அளவு வெற்றிடம் தெரிகிறதா? எண்ணை மாற்றும் முன் சோக்கை மாற்றிப் பாருங்கள், அல்லது அதே எண்ணில் வேறு கம்பெனித் தோட்டா. ஒரு குழலுக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது.