திருச்சபை ஊர்க் காரியத்தில் இறங்குவது எப்படி

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே மக்கள் பேசுகிற பேச்சில்தான் ஊரின் குறைகளெல்லாம் வெளிவருகின்றன. குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, மகன் பெயர் வாக்காளர் பட்டியலில் காணோம் என்று சொல்லிக்கொண்டே போகும் அதே மக்கள், சேகரக் கமிட்டியில் (சேகரம் என்பது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதி) உட்கார்ந்துவிட்டால் சுற்றுச்சுவரையும் ஒலிபெருக்கியையும் அசன (சபை விருந்து) வரவுசெலவையும் தாண்டிப் பேசுவதில்லை. வாசலில் நடக்கிற பேச்சைக் கமிட்டி மேசைக்குக் கொண்டுவருவது எப்படி, அங்கிருந்து அதைக் கிராம சபைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொண்டுபோவது எப்படி என்பதைப் பல ஆண்டுகள் சேகரச் செயலராக இருந்த அனுபவத்தில் இங்கே எழுதுகிறேன். தென்மாவட்டத்துத் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரம் ஒன்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்கினர் சேகரக் கமிட்டி என்ற இடத்தில் பங்குப்பேரவை என்று படித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை ஊரில் இல்லை, ஆலய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சாதி பார்க்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் கேட்கப் போகும் சபையைப் பார்த்து ஊரார் கேட்கும் முதல் கேள்வி, 'உங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வாசலா?' என்பதாகவே இருக்கும். இது வீம்புக்குக் கேட்கிற கேள்வியன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியாரும் ஒருவரை ஒருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்த்து வழிபடுவதற்காகவே இரண்டு நீண்ட கூடங்களாக ஒரு தேவாலயம் கட்டப்பட்டது. அந்தப் பிரிவினைச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஆலயத்துக்குள் சுவர் போன ஊர்களிலும் கல்லறைத் தோட்டத்தில் அது நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே கமிட்டியின் முதல் மூன்று கூட்டங்களை உள்வீட்டுக் கணக்குக்கே ஒதுக்குங்கள். அடக்கத்துக்கான இடம் எந்த ஒழுங்கில் கொடுக்கப்படுகிறது, திருவிருந்தில் யார் முதலில் முழங்காற்படியிடுகிறார்கள், ஆலயத்தைப் பெருக்கி மணியடிப்பவருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம், அது அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவா என்பவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சபை நடத்தும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு அமைத்திருக்க வேண்டும். குழு இருக்கிறது என்று சொன்னால் போதாது. அதன் உறுப்பினர் பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். இதையெல்லாம் சரிசெய்து முடித்த பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் எந்தச் சபையும் ஒருநாளும் வெளியே போகாது. சரிசெய்யத் தொடங்கிவிட்டோம் என்று கண்ணை நேராகப் பார்த்துச் சொல்ல முடிந்தால் போதும்.

அடுத்தது கேட்பது. ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவை அமையுங்கள். அதில் மூவராவது பெண்களாகவும், ஒருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்கட்டும். போதகர் குழுவில் இருக்கலாம், தலைவராக இருக்க வேண்டாம். இவர்கள் ஆறு வாரம் தெருத் தெருவாகப் போய், சபையார் வீடு, பிறர் வீடு என்று பாராமல் எல்லா வீட்டிலும் உட்கார்ந்து, மக்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். இந்தச் சுற்றில் ஜெபம் செய்யவும் கூடாது, கைப்பிரதி கொடுக்கவும் கூடாது. இதைச் சொன்னால் மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள்; ஆனால் குடிநீருக்காக வந்தவர்கள் மதம் மாற்ற வந்தார்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் அடுத்த பத்தாண்டுக்கு வேலை நடக்காது. கூட்டம் போடும்போதும் ஆலயத்திலோ சபையின் மண்டபத்திலோ போடாமல், தெருமுனை வேப்பமரத்தடியிலோ ரேஷன் கடைத் திண்ணையிலோ போடுவது நல்லது. பிறர் நம்மிடம் வரட்டும் என்று காத்திருப்பது நமக்குப் பழகிப்போன ஒரு பழக்கம்.

கேட்டு வந்த குறைகள் நாற்பது இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த ஒன்று, பலரைப் பாதிப்பதாகவும், எந்த அலுவலகம் பொறுப்பு என்று தெளிவாகத் தெரிவதாகவும், ஓராண்டுக்குள் முடியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மதுவிலக்கு முழுமையாக வர வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் முதல் காரியமாக எடுக்கத் தக்கதன்று.

ஆதாரம் சேர்ப்பதில்தான் பெரும்பாலான சபைகள் சறுக்குகின்றன. நமக்கு மனு எழுதுவதென்றால் 'மிகுந்த கஷ்டப்படுகிறோம், சமூகம் கருணை கூர்ந்து' என்ற நடைதான் கைக்கு வருகிறது. கருணை கேட்ட மனுவைக் கோப்பில் போட்டு மூடுவது அலுவலகத்துக்கு எளிது. கணக்குக் காட்டிய மனுவை அப்படி மூட முடியாது. ஒரு தெருவில் பெண்கள் செய்ததைச் சொல்கிறேன். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளை எறியாமல், அதன் பின்புறத்தில் அன்று தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், நிரம்பிய குடம் ஆகியவற்றை எழுதி, ஒரு நூலில் கோத்துக்கொண்டே வந்தார்கள். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தால் பதினெட்டுக் குடத்துக்கு மேல். தாள்கள் காட்டியதோ ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு குடம். சமையல் கறை படிந்த அந்தத் தாள்க்கட்டை மேசைமீது வைத்தபோது அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். அதன் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது.

இதனோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2005ஆம் ஆண்டின் அச்சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பினால் முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கும் உரிமை அலுவலருக்குக் கிடையாது. விண்ணப்பத்தைச் சபையின் பெயரில் போடாமல் ஒரு குடிமகன் அல்லது குடிமகள் பெயரில் போடுங்கள். இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. 'ஏன் தண்ணீர் விடவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. 'இத்தெருவில் எத்தனை வீட்டிணைப்புகள் கொடுக்கப்பட்டதாகப் பதிவேட்டில் உள்ளது, அதன் நகல் தேவை' என்று கேட்டால் ஏட்டில் ஓடும் தண்ணீருக்கும் குழாயில் ஓடும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு தானே வெளிப்படும்.

மனு கொடுக்க இரண்டு இடங்கள் உண்டு. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் ஒன்று. அங்கே கிடைக்கும் ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காமல் ஒரு நோட்டில் ஒட்டி, எண்ணையும் தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். மற்றொன்று, இதைவிட வலியது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதன் உறுப்பினரே. சபையாராகக் கூட்டமாகப் போய் ஒரு மூலையில் உட்காராமல், தெருக்காரர்களாகப் பிரிந்து போங்கள். கோரிக்கையை எழுத்தில் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்கிறோம் என்று சொல்வது பல இடங்களில் நடக்கிறது. தீர்மானம் புத்தகத்தில் ஏறி, உரக்க வாசிக்கப்பட்டதைக் கேட்ட பிறகே எழுந்து வாருங்கள். நகரவாசிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. ஒரு மனுவில் காரியம் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவையின் கதையைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம்; அவள் எத்தனையாவது நடையில் வெற்றி பெற்றாள் என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொன்னதில்லை.

சாதிக் கொடுமை தொடர்பான காரியமென்றால் இன்னும் நிதானம் தேவை. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதனால், சாதியின் பெயரால் தாக்கப்பட்ட ஒரு தலித் கிறிஸ்தவருக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மறுக்கப்படுகிறது. அடித்தவன் அவரது ஞானஸ்நானத்தைப் பார்த்து அடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆகவே காவல் நிலையத்துக்குக் கூட்டமாகப் போவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சாதிச் சான்றிதழைச் சபைக் கூட்டத்தில் பேசுபொருளாக்காதீர்கள். வழக்கைத் தொடர்வதா, வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே. விளைவை அனுபவிப்பவர்கள் அவர்கள்தாம். ஆண்டுதோறும் நவம்பர் இரண்டாம் ஞாயிற்றில் தலித் விடுதலை ஞாயிறு அனுசரிக்கிற சபைகள், மீதமுள்ள ஐம்பத்தோரு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையைச் செய்யலாம்.

தேர்தல் காலம் வந்தால் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அது வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதையும் உள்ளடக்கும் என்று விரித்துரைத்தது. வழிபாட்டு இடங்களைக் கட்சி அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லிவிட்ட போதகருக்கு, அடுத்த ஐந்தாண்டும் அந்த வேட்பாளரை எதிர்த்துக் கேள்வி கேட்க வாய் இருக்காது. வேட்பாளர் ஆலயத்துக்கு வந்தால் மற்றவர்களைப் போலவே உட்கார வைத்து அனுப்புங்கள், சால்வை வேண்டாம். சபை தாராளமாகச் செய்யக்கூடியது வாக்காளர் பட்டியல் வேலை. பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ப்பதற்குப் படிவம் 6, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8 என்று தெருவிலுள்ள எல்லோருக்கும், எந்தக் கட்சிக்காரர் என்று கேளாமல், நிரப்பிக் கொடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு அதிகம் பணம் தேவைப்படாது. பேருந்துக் கட்டணம், நகல் செலவு, வில்லைச் செலவு அவ்வளவே. வெளிநாட்டுக் காணிக்கையைத் தொடவே வேண்டாம். அதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டுத் திருத்தமும் போட்டிருக்கிற கட்டுகள் ஒருபுறம். அந்நியப் பணத்தில் போராடுகிறார்கள் என்ற பேச்சு மறுபுறம். சோறு பொங்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கும் அரிசிக் காணிக்கையின் ஒரு பங்கு இதற்குப் போதும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை இரண்டாயிரம் ரூபாய்க்கு எடுக்கும் நம் அண்ணாச்சிமார் மனம் வைத்தால் ஓராண்டுச் செலவு ஒரே மாலையில் தேறிவிடும். கணக்கை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, யாரும் யோசிக்காத ஒன்று. நம் போதகர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிறவர்கள். போதகரின் ஆர்வத்தில் தொடங்கிய பல வேலைகள், அவர் சாமான்களை ஏற்றிய லாரியோடு ஊரைவிட்டுப் போயிருக்கின்றன. மனுக்களின் நகல் குருமனை (போதகர் குடியிருக்கும் வீடு) அலமாரியில் இருந்து, புதியவர் வந்து சுண்ணாம்பு அடிக்கும்போது பழைய தாளோடு தாளாகிவிடும். எனவே கோப்பைக் குருமனையில் வைக்காதீர்கள். ஒரு பிரதி குழுவிலுள்ள பெண்களில் ஒருவர் வீட்டிலும், மற்றொரு பிரதி சபையைச் சேராத தெருக்காரர் ஒருவர் வீட்டிலும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் ஒப்புகை எண்களும், அடுத்து யாரை எந்தத் தேதியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிய போதகர் வந்த இரண்டாம் வாரமே அவரை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போய், குழாயடியில் நிற்பவர்களை அவருக்கு அறிமுகம் செய்து வையுங்கள்.