தொப்பிக்குள் ஒளியும் தலைக்காப்பு: போராட்டத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போராட்டங்களில் முதலுதவிப் பையோடு நிற்கிறவள் நான். புதிதாக வருகிறவர்களின் தலையைத்தான் முதலில் பார்ப்பேன். வெளியே தெரியாமல் ஏதாவது காப்பு போட வேண்டும் என்று தோன்றியதே நல்ல விஷயம். ஆனால் அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

பம்ப் கேப்பை ஹெல்மெட் என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பார்வைக்குச் சாதாரணத் தொப்பி, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. தாழ்வான குழாய்களுக்கு நடுவே வேலை செய்கிறவர் நிமிரும்போது இடித்துக்கொண்டால் தோல் கிழியாமல் இருப்பதற்காகச் செய்தது. மேலிருந்து விழுவதற்கும் வீசி எறிவதற்கும் அது காப்பே இல்லை.

ஐரோப்பியத் தரங்களைப் பாருங்கள். தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான இஎன் 397 சோதனையில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். தலைக்கு இறங்கும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. பம்ப் கேப்புக்கான இஎன் 812-இல் அதே எடை 25 சென்டிமீட்டரிலிருந்துதான் விழும். 15 கிலோநியூட்டன் வரை விட்டுவிடுவார்கள். அடி கால்வாசி, இறங்க அனுமதித்த விசையோ மூன்று மடங்கு.

ஒரு ஊர்வலத்தில் ஒரு பையன் தொப்பியைக் கழற்றி ஆசையாகக் காட்டினான். வாளி மூடியை வெட்டி உள்ளே ஒட்டியிருந்தான். வெட்டிய விளிம்பு காதுக்கு மேலே சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. "தட்டிப் பாருங்கக்கா, எவ்வளவு கெட்டியா இருக்கு!" கெட்டியாக இருந்தால் போதாது தம்பி. ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியோ நசுங்கும் நுரையோதான் அடியின் வேகத்தைக் குறைக்கிறது. அது இல்லாவிட்டால் அடி நேரே எலும்புக்குப் போகும், அந்த விளிம்பு தோலைக் கிழிக்கும்.

இன்னொன்று, பம்ப் கேப் பெரும்பாலும் உச்சியைத்தான் மூடும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள நெற்றிப்பொட்டு திறந்தே கிடக்கும். அங்கே எலும்பு மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால், ஆள் கொஞ்ச நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று சரியலாம். அதனால் தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்லை" என்றாலும் தனியாக விடாதீர்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

சரி, எதைப் போடலாம்? தடித்த நுரை உள்ள சைக்கிள் அல்லது ஸ்கேட்டிங் ஹெல்மெட், இஎன் 1078 முத்திரையோடு. மேலே துணி உறை போட்டால் சாதாரணத் தொப்பி போலத் தெரியும். அதுவும் கீழே விழும்போது தலையைக் காக்கச் செய்ததுதான். லத்தியடிக்கு உத்தரவாதம் என்று நினைக்காதீர்கள்.

தாடைப் பட்டையை மாட்டாமல் விடுவது

ஓட ஆரம்பித்ததும் கழன்று விழும்.

அடிபட்டதை மறுபடி அணிவது

தெர்மோகோல் வகை நுரை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடைந்திருக்கலாம். மாற்றிவிடுங்கள்.

பெயின்ட் அடித்து மறைப்பது

பெயின்டில் உள்ள கரைப்பான் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஓட்டில் விரிசல் விடச் செய்யலாம். துணி உறையே போதும்.

சட்டம் தெரியாமல் கிளம்புவது

தலைக்காப்பே வழக்காகிவிடும் இடங்கள் உண்டு. ஜெர்மனியின் கூட்டச் சட்டத்தில் 1985-இல் சேர்ந்த 17ஏ பிரிவு, காவல்துறையின் நடவடிக்கையைத் தடுக்கும் நோக்கில் காப்புக் கருவி கொண்டுவருவதைத் தடை செய்கிறது. உங்கள் பகுதியில் என்ன விதி என்று முதல் நாளே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.