சாலையோரப் பணியிடத்தில் வண்டி மோதாமல் ஆட்களைக் காப்பது எப்படி

காரைக்குடி–தேவகோட்டைச் சாலையில் பள்ளம் அடைக்க இறங்கும் குழுவினர், மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே எச்சரிக்கைப் பலகையை நட்டுவிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி ஆனால், அதற்குள் 40 மீட்டருக்கு மேல் கடந்திருப்பார். ஆகவே வேலையிடத்தின் அருகிலேயே இரண்டு கற்களையும் ஒரு வேப்பங்கொத்தையும் வைப்பது (நம் பக்கத்து வழக்கம் அதுதான்) காவலாகாது. முதல் பலகை நூறு மீட்டருக்கும் அப்பால் நிற்க வேண்டும். அங்கிருந்து போக்குவரத்துக் கூம்புகளைச் சாய்வான வரிசையில் வைத்து, வண்டிகளை மெல்ல விலகச் செய்ய வேண்டும்.

புளியமர நிழலில் கூடுதல் கவனம் தேவை. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் ஓட்டுநரின் கண்ணுக்கு, செம்மண் படிந்த சட்டையோடு குனிந்திருப்பவர் சட்டென்று தெரிய மாட்டார். ஒளிரும் மேலங்கியும் செம்மண் ஏறினால் மங்கிவிடும் என்பதால், அதை அடிக்கடி அலசிப் போடுவது அவசியம்.

டிப்பர் லாரி பின்னோக்கி வரும்போது, வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேர் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. தை மாதத்தில் பழநிக்குப் பாதயாத்திரை போவோருக்கும் தனி வழி விட வேண்டும்.

வேலை முடிந்ததும் கூம்புகளை முதலில் எடுத்து, தொலைவிலுள்ள முதல் பலகையைக் கடைசியாகக் கழற்ற வேண்டும்.